மேட்ச் நாள் போணி

கேரியரின் கொக்கியை இழுத்துப் பூட்டும்போது சாமுண்டீஸ்வரியின் கட்டைவிரல் இடுக்கிக்கொண்டது. விரலை வாயில் வைத்தபடியே பாரிவாக்கம் கடைத்தெருவுக்கு நடந்தாள். கீழடுக்கில் சோறு, நடுவில் முருங்கைக்காய்ச் சாம்பார், மேலே வாழைக்காய் வறுவல். சனிக்கிழமை, மதியம் ஒரு மணி.

அவள் கணவர் நாகேந்திரன் ஜவுளிக்கடை வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். தொங்கவிட்ட நைட்டிகளைக் கம்பால் தட்டித் தூசி போக்கியாகிவிட்டது. லுங்கிகளை எடுத்து மறுபடி மடித்தாகிவிட்டது. தெருவில் ஒரு நாய் குறுக்கே போனது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"போணி ஆச்சா?" என்றாள்.

"ஆவும், ஆவும். வெச்சிட்டுக் கெளம்பு. மூணு மணிக்கு அடைச்சிருவானுங்க. நீயும் உள்ள மாட்டிக்குவ."

"ஆவலன்னாலும் துன்னுங்க. முருகன் ஒண்ணும் கோச்சுக்க மாட்டாரு."

"அவருக்கு இன்னாமே, மலை மேல கீறாரு. கடைய நான்ல நடத்தறேன்."

அவள் சிரித்துவிட்டுக் கேரியரை மேசைக்கடியில் வைத்தாள். கடை திறந்த நாளிலிருந்து அவருக்கு இந்தப் பழக்கம். போணி ஆகும்வரை தண்ணீர் தவிர எதுவும் உள்ளே போகாது. டீகூடக் கிடையாது. முதல் வியாபாரத்தின் நோட்டை இரண்டு கண்களிலும் ஒற்றி, முருகன் படத்துக்குக் கீழே வைப்பார். இரவு ஷட்டரை இறக்கும்வரை அது அங்கேயே இருக்கும். அவசரச் சில்லறைக்குக்கூட அதைத் தொட்டதில்லை. அந்தத் தெருவில் எல்லாக் கடையிலும் அப்படித்தான். பட்டினி கிடப்பது மட்டும் இவருடைய தனிக்கணக்கு.

முன்பெல்லாம் அது யாருக்கும் தெரியாது. காலை பத்துக்குள் யாராவது ஒரு கைக்குட்டையாவது வாங்கிவிடுவார்கள். கூப்பிடு தூரத்தில் கால்பந்து ஸ்டேடியம் வந்து, அதைச் சுற்றி ஏசி போட்ட கடைகள் வரிசையாக முளைத்த பிறகு, போணி மத்தியானத்துக்கு நகர்ந்தது. பிறகு மாலைக்கு. புதிதாக எழும்பிய அடுக்குமாடிகளில் இருந்தவர்கள் காரை நேரே அங்கேதான் விட்டார்கள். மேட்ச் நாளில் இன்னும் மோசம். ஆட்டக்காரர்களின் பஸ்ஸும் ஆம்புலன்ஸும் போவதற்காகக் கடைத்தெருவின் இரண்டு முனையிலும் போலீஸ் இரும்புத் தடுப்பைப் போட்டுவிடும். மூன்று மணிக்கு மேல் வெளியாள் உள்ளே வர முடியாது. உள்ளே இருக்கும் கடைக்காரன் வெளியே போனால் திரும்ப முடியாது. கடையைத் திறந்து வைத்துக்கொண்டு, மூடிய தெருவுக்குள் உட்கார்ந்திருக்க வேண்டும். மைதானத்து இரைச்சல் மட்டும் கூரைகளைத் தாண்டி வந்து விழும்.

"சாயங்காலம் போன் பண்றேன்" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

ஆறு மணிக்குப் போன் செய்தாள். எடுக்கவில்லை. ஆறரைக்கும் எடுக்கவில்லை. தடுப்புக்குப் போனாள். காவலர் விடவில்லை. "மேட்ச் முடியட்டும்மா, யாரையும் விடக்கூடாதுன்னு ஆர்டர்" என்றார். தடுப்பின் இந்தப் பக்கம் நின்றால் தெரு தெரிந்தது. கடை தெரிந்தது. ஷட்டர் முழுவதும் இறங்கியிருந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றாள். பக்கத்தில் ஃபேன்சி ஸ்டோர் ஜெகதீஷ் மத்தியானத்திலிருந்து கொடியும் ஜெர்சியும் விற்றுக்கொண்டிருந்தான். அந்தத் தெருவில் ஸ்டேடியத்தால் பிழைத்தவன் அவன் ஒருவன்தான்.

"தூங்கினு இருப்பாரு அண்ணி. பயப்படாத."

எட்டு மணிக்குத் தடுப்பை நகர்த்தினார்கள். அவள் போய்ச் சேர்வதற்குள் ஷட்டர் பாதி தூக்கப்பட்டிருந்தது. பக்கத்து மாவு மில் தங்கராஜ் வாசலில் நின்றிருந்தான். "அண்ணி, உள்ள போவாத" என்றான். அவள் குனிந்து உள்ளே பார்த்தாள். நாகேந்திரன் மேசைக்குப் பின்னால் ஒருக்களித்துக் கிடந்தார். பக்கத்தில் பாதி காலியான பன்னீர் சோடா பாட்டில். துணிக்கட்டுகளில் பூச்சி அரிக்காமல் இருக்கக் கடையில் வைத்திருந்த மருந்து டப்பா, மூடி திறந்து மேசைமேல் இருந்தது.

அவள் வாசல் படியிலேயே உட்கார்ந்தாள். தங்கராஜ் தோள் துண்டை எடுத்து நீட்டினான். "தொடச்சிக்கோ அண்ணி." அதில் முகத்தைப் புதைத்தாள். புதுத்துணிக் கஞ்சியின் வாசம். அவர் சட்டையில், அவர் தலைமுடியில், தினமும் வீட்டுக்கு வந்த வாசம். அது தாங்காமல்தான் அவள் வாய்விட்டு அழுதாள்.

போலீஸ் வந்தது. சப் இன்ஸ்பெக்டர் எழிலரசி நாற்பதைத் தொடாத பெண். அதிகம் பேசாதவர். ஏட்டு பாபு சுற்றிப் பார்த்துச் சொல்லச் சொல்ல, வாசலில் உட்கார்ந்திருந்த சாமுண்டீஸ்வரியின் காதில் வார்த்தைகள் விழுந்தன. எதுவும் தங்கவில்லை.

"கல்லா பூட்டியிருக்கு மேடம். போன் இருக்கு. சாமி படத்துக்குக் கீழ நூறு ரூபா அப்படியே இருக்கு. திருட்டு இல்ல."

"சாப்பாடு?"

"கேரியர் பூட்டினபடி இருக்கு. தொடவே இல்ல."

நோட்டை உறையில் போடும்போது பாபு தொடர்ந்து மூன்று தடவை தும்மினார்.

"ஜலதோஷமா?"

"இல்ல மேடம். துணிக்கடை தூசி."

தெருவுக்குள் மாட்டியிருந்தவர்களை எழிலரசி அங்கேயே விசாரித்தார். மற்றக் கடைகள் மத்தியானமே பூட்டிக்கொண்டு போயிருந்தன. இருந்தவர்கள் மூன்று பேர்தான். டீக்கடை அன்னம்மாள், ஹார்டுவேர் கடை மோகன், மாவு மில் தங்கராஜ்.

"கடைசியா எப்ப பாத்தீங்க?" அன்னம்மாளைக் கேட்டார்.

"அஞ்சு மணிக்கு டீ எடுத்துகினு போனேன். வேணாம்னுட்டாரு. மூஞ்சே செரியில்ல. வேணாம்னு சொன்ன மனுசன வற்புறுத்தினா நல்லாவா இருக்கும், வந்துட்டேன்."

"சோடா உங்க கடையுதா?"

"என் கடையுதுதான். மேட்ச் அன்னிக்கு பன்னெண்டு மணிலேர்ந்து பொட்டி பொட்டியா போவும். யாரு வாங்கினாங்கன்னு எங்க பாக்கறது. இவரு வாங்கல, அது தெரியும்."

மோகன் வணிகர் சங்கத் தலைவரும்கூட. "நாலு மணிலேர்ந்து எட்டு மணி வரிக்கும் கெழக்குத் தடுப்புல உங்க ஆளுங்களோட சண்ட போட்டுகினு இருந்தேன் மேடம். கேட்டுப் பாருங்க. நாகேந்திரன யாரும் கொல்லல. அந்த ஸ்டேடியம்தான் கொன்னுச்சு. எழுதிக்கோங்க."

"எழுதிக்கறேன். நீங்க?"

தங்கராஜ் தலையைத் தொங்கவிட்டிருந்தான். "மூணு மணிக்கு மில்லுக்குள்ள போய்ப் படுத்தவன் மேடம். கரண்டும் இல்ல, அரைக்க ஆளும் இல்ல. அண்ணாத்தே கடைப்பக்கம் போயி ஒரு வாரம் ஆவுது."

"பக்கத்துக் கடை. ஒரு வாரமாப் போகலயா?"

"ஒரு மனஸ்தாபம்."

அந்த மனஸ்தாபம் தெருவுக்கே தெரிந்தது. ஜவுளிக்கடையும் மாவு மில்லும் ஒரே கட்டடம். இருவருடைய அப்பாக்களும் கூட்டாகக் கட்டியது. நடுச்சுவர் ஒன்று, மாடிப்படி ஒன்று, பத்திரம் ஒன்று. ஸ்டேடியத்துக் கம்பெனி இரண்டாவது வாசலுக்காக அந்த இடத்தைக் கேட்டது. இரண்டு கையெழுத்தும் வேண்டும், ஒன்று மட்டும் செல்லாது. தங்கராஜ் போடத் தயார். பாக்கெட் மிளகாய்த்தூள் வந்தபிறகு மில்லில் கல் சுற்றுவதே அபூர்வம். நாகேந்திரன் போடவில்லை. ஏன் என்று கேட்டால், "நான் எங்க போய் ஒக்கார்றது?" என்பார்.

ஞாயிறு மாலை உடல் வீட்டுக்கு வந்தது. அதற்குள் ஊர் முடிவு செய்துவிட்டது. வியாபாரம் படுத்துவிட்டது, மனுஷன் மருந்தைக் குடித்துவிட்டார். சங்கத்தார் பேனர் அடித்துவிட்டார்கள். உடலை ஸ்டேடியத்து வாசல் வழியாக எடுத்துப் போக வேண்டும் என்றார் மோகன்.

"வேணாம்" என்றாள் சாமுண்டீஸ்வரி.

"அண்ணி, அவரு உயிர் வீணாப் போவக்கூடாது. நம்ம தெருவுக்கு ஒரு நியாயம் கெடைக்கும்."

"அவரு மருந்து குடிக்கல."

"பின்ன?"

அவர் தன்னை விட்டுவிட்டுத் தானாகப் போகவில்லை. அவளுக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். அதைச் சொன்னால் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். பேனரில் அவர் முகம் இருந்தது. போலீஸ் மேலிடத்துக்கும் தற்கொலை என்றால் வேலை சுருக்கம். ஸ்டேடியத்துக் கம்பெனியிலிருந்து ஒருவர் மாலையோடு வந்து, 'மனச்சோர்வு' என்ற வார்த்தையை இரண்டு தடவை சொல்லிவிட்டுப் போனார். எந்தப் பக்கம் திரும்பினாலும் அதே வார்த்தை வழியை மறித்துக்கொண்டு நின்றது. அவரைச் சுடுகாட்டுக்கு நேர்வழியில்தான் கொண்டுபோனார்கள். அவளால் முடிந்தது அவ்வளவுதான்.

செவ்வாய்க்கிழமை காலை எழிலரசி வீட்டுக்கு வந்தார். கையில் அந்தக் கேரியர். கழுவியிருந்தது.

"இத முடிச்சு அனுப்பச் சொல்றாங்கம்மா. எனக்கு ஒண்ணு மட்டும் ஒட்டல. சாகப்போறவர் சாப்பிடல, சரி. ஆனா காலையிலேர்ந்து ஒரு டீகூடக் குடிக்கல. அப்படிப்பட்டவர் கடைசியில மருந்தை ஏன் சோடாவுல கலந்து குடிக்கணும்? பக்கத்துலயே தண்ணிக்குடம் இருக்கு."

"போணி ஆவல மேடம். அதான் சாப்புடல. டீயும் குடிக்கல. போணி ஆவாம தண்ணி தவிர எதையும் தொட மாட்டாரு."

எழிலரசி கேரியரை மெதுவாகத் தரையில் வைத்தார்.

"எதையும்?"

"எங்க கல்யாணம் ஆனதுலேர்ந்து."

"மூணு மணிக்கு முன்னாடி யாராவது வந்து வாங்கியிருந்தா?"

"ஒடனே துன்னுருவாரு. பசி தாங்காத மனுசன். போணி பண்ணவங்க வாசல் எறங்கறதுக்குள்ள கேரியரத் தொறப்பாரு."

"முதல் வியாபாரக் காச எங்க வைப்பார்?"

"முருகன் படத்துக்குக் கீழ." சொல்லிவிட்டு அவளே நின்றாள். சனிக்கிழமை வாசலில் காதில் விழுந்து தங்காமல் போன வார்த்தைகள் இப்போது ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. "மேடம்... அங்க நூறு ரூபா இருந்துச்சுன்னு சொன்னீங்க."

"இருந்தது."

"அப்படின்னா போணி ஆயிடுச்சு."

"ஆகியிருக்கு. ஆனா கேரியர் திறக்கல."

எழிலரசி பையிலிருந்து நோட்டு இருந்த உறையை எடுத்தார். பின்கட்டில் குழாய் சொட்டியது.

"அஞ்சு மணிக்கு டீ வேண்டாம்னு சொன்னார். அப்ப போணி இல்ல" என்றார் எழிலரசி. "அதுக்கப்புறம்தான் ஆகியிருக்கு. அப்ப ரெண்டு பக்கமும் தடுப்பு. வாங்கினவன் தெருவுக்குள்ள இருந்தவன். அன்னிக்கு எதுவும் வாங்கினதா யாரும் சொல்லல. போணிக்கும் சாப்பாட்டுக்கும் நடுவுல ஒரு கேரியர் கொக்கியத் திறக்கிற நேரம்தான் இருந்திருக்கு. அந்த நேரத்துல அவர் கையில சோடாவக் குடுத்தவன் யாரோ, அவன்தான் போணி பண்ணவன்." உறையைத் திறந்து நோட்டை முகர்ந்தார். முகத்தைச் சட்டென்று திருப்பிக்கொண்டார். அவளிடம் நீட்டினார். "நீங்க பாருங்க."

மூக்குக்குள் ஊசி போல ஏறியது. மிளகாய்.

"அன்னிக்குப் பாபு தும்மினது துணித் தூசிக்கு இல்ல" என்றார் எழிலரசி. "ஆனா வக்கீல் கேப்பான். எத்தனையோ பேர் மில்லுல சில்லறை வாங்கறாங்க, நோட்டு கைமாறி வந்திருக்கும்பான். தங்கராஜ் கடைக்கே வரலன்னு சொல்றான். வந்தான்னு காட்ட எனக்கு ஒண்ணு வேணும். நல்லா யோசிங்க. அன்னிக்கு என்ன வாங்கியிருப்பான்?"

அவள் யோசிக்கவில்லை. எழுந்து போய்க் கொடியிலிருந்து ஒரு துண்டை எடுத்து வந்தாள். சனிக்கிழமை இரவு தங்கராஜ் நீட்டியது, கையிலேயே இருந்து வீட்டுக்கு வந்துவிட்ட துண்டு. அவர் வாசம் என்று துவைக்காமல் வைத்திருந்தாள். மடிப்புக்கோடுகள் இன்னும் அழியவில்லை. ஓரத்தில் ஈரோட்டுத் தறிக்காரனின் லேபிள், அதன்மேல் நாகேந்திரன் ஒட்டும் சின்ன மஞ்சள் ஸ்டிக்கர்.

"தங்கராஜ் தம்பி தெரு முனையில வந்தாலே எனக்குத் தும்மல் வரும் மேடம். அவரு துண்டு அப்படி. ஒரு மணி நேரம் மில்லுல கெடந்தாப் போதும், புதுத்துணியும் நெடி புடிச்சிக்கும்." துண்டை முகத்தருகே கொண்டுபோய், பாதியில் நிறுத்திக்கொண்டாள். "அன்னிக்கு இதுல நான் மூஞ்சி பொதச்சு அழுதேன். கண்ணு எரியவே இல்ல."

பதினோரு மணிக்குச் சாமுண்டீஸ்வரியையும் கூட்டிவந்து ஜவுளிக்கடையின் ஷட்டரைத் தூக்கினார்கள். அன்னம்மாள், மோகன், தங்கராஜ் மூவரையும் எழிலரசி உள்ளே வரச்சொன்னார். நோட்டைப் பழையபடி முருகன் படத்துக்குக் கீழே வைத்திருந்தார். துண்டு மேசைமேல் இருந்தது. தங்கராஜ் முதலில் துண்டைப் பார்த்தான். பிறகு நோட்டை. பிறகு எங்கும் பார்க்கவில்லை.

"தங்கராஜ், இந்தக் கடைக்கு வந்து எத்தன நாளாச்சு?"

"சொன்னேனே மேடம். ஒரு வாரம்."

"இப்ப பத்து நாள் ஆகணும். அப்ப சனிக்கிழமை சாயங்காலம் இந்தத் துண்டு உன் தோளுக்கு எப்படி வந்தது? மில் வாடையே இல்லாம?"

"அது... எப்பவோ வாங்கினது. பொட்டில இருந்துச்சு."

"உன் பெட்டி மில்லுலதானே இருக்கு."

அவன் வாசல் பக்கம் ஓர் எட்டு நகர்ந்தான்.

எழிலரசி குரலை உயர்த்தவில்லை. "இதத் தற்கொலைன்னு எழுத நான் பேனாவ எடுத்துட்டேன். பட்டினி, மூடின ஷட்டர், சொந்தக் கடை மருந்து, வியாபாரம் இல்லாத தெரு. எல்லாம் பொருந்துது. பொருந்தாதது அந்த நூறு ரூபா ஒண்ணுதான். கைய நீட்டி அத எடுத்துட்டுப் போயிருந்தா, போணியே ஆகல, மனசொடைஞ்சு செத்தார்னு முடிஞ்சிருக்கும். வெளியாளா இருந்தா எடுத்திருப்பான். நீ ஏன் எடுக்கல?"

மோகன் தங்கராஜின் பக்கம் மெல்லத் திரும்பினார். அன்னம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

தங்கராஜ் பேசினான். யாரையும் பார்த்துப் பேசவில்லை.

"அத எப்படி மேடம் எடுக்கறது. போணித் துட்டு. சாமிகிட்ட வெச்சது. கைய கொண்டுபோனேன். முடியல."

"மனுஷன் மேல கை வெக்க முடிஞ்சுது."

"எனக்கு வேற வழி இல்ல மேடம். விக்கவும் முடியல, ஓட்டவும் முடியல. அந்த ஆளு அசையல. அந்த ஆளு அசையாம நான் அசைய முடியாது. ஒரே சொவரு." கையால் நடுச்சுவரைக் காட்டினான். "போணி ஆவாம குடிக்க மாட்டாருன்னு தெரியும். அதான் துண்டு வாங்கினேன். நோட்ட கண்ணுல ஒத்திகினாரு. அவரே துண்டப் பிரிச்சு என் தோள்ல போட்டாரு. 'கோவமெல்லாம் தீந்துச்சா நைனா? உன் கை ராசியான கை'ன்னாரு. சோடாவ நீட்டினேன். 'சோறு துன்னுட்டுக் குடிக்கறேன்'ன்னாரு. 'மொதல்ல இத குடி அண்ணாத்தே, தொண்ட காஞ்சிருக்கும்'ன்னேன்."

"மருந்து டப்பா?"

"அதே மருந்து மில்லுலயும் இருக்கு, அங்கயே சோடாவுல கலந்து எடுத்தாந்தேன். அவரு டப்பாவ அப்பறமா நான்தான் எடுத்து மேல வெச்சேன். ஷட்டர எறக்கிட்டுப் போயிட்டேன். பழைய துண்ட மில்லு அடுப்புல போட்டுட்டு, உள்ள இருக்க முடியாம தடுப்ப எடுக்கற வரிக்கும் மாடிப்படில ஒக்காந்திருந்தேன்."

"புதுசையும் போட்டிருக்கலாமே."

"தோள்ல இருக்கறதே மறந்துபோச்சு மேடம். எப்பவும் இருக்கறதுதானே."

பாபு அவன் கையைப் பிடித்தார். வாசல் தாண்டும்போது அவன் ஒரு நொடி நின்றான். "அண்ணி" என்றான். சாமுண்டீஸ்வரி மேசைக்கடியில் காலியாக இருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

சோறு தின்றுவிட்டுக் குடிக்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். சாகப்போகிறவன் சொல்கிற பேச்சா அது. அவள் அதை வாய்க்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். அவர் சாப்பிட இருந்தார். ராத்திரி வீட்டுக்கு வர இருந்தார்.

மோகன் அன்றே பேனர்களை இறக்கினார். "இவன வெச்சு இன்னா கோஷம் போடறது" என்றார். அதற்குப் பிறகு சங்கம் அந்த வருஷம் கூடவே இல்லை. கட்டடம் வழக்கில் மாட்டிக்கொண்டது. தீர்ப்பு வரும்வரை யாரும் விற்கவும் முடியாது, வாங்கவும் முடியாது. கம்பெனி இரண்டாவது வாசலை வடக்குப் பக்கம் திருப்பிக்கொண்டது. பத்தாம் நாள் காரியம் முடிந்து சாமுண்டீஸ்வரி ஷட்டரைத் தூக்கினாள். தூக்காமல் வேறு எங்கே போய் உட்காருவது என்று அவளுக்கும் தெரியவில்லை.

வழக்குக்காக மாதம் ஒருமுறை பூந்தமல்லிக்குப் போய் வருகிறாள். திரும்பும்போது பஸ்ஸில் பெண்களுக்கான இலவசச் சீட்டுக்கும் இறங்குமிடத்தைச் சொல்லியாக வேண்டும். கடைத்தெரு என்று சொன்னால் எந்த நடத்துநருக்கும் தெரியாது, அந்த நிறுத்தத்துக்கு என்றைக்கோ மில்லின் பெயர் விழுந்துவிட்டது. மில் பூட்டிக் கிடக்கிறது, பலகைகூட இறங்கிவிட்டது. இருந்தாலும் நிறுத்தத்தின் பெயர் அதுதான்.

"எங்கம்மா?"

"தங்கராஜ் மில்லு" என்கிறாள்.